சேம அச்சும் கம்பி வடமும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் நோக்கி வருகிறவர்களில், கீழ்புத்துப்பட்டு ஐயனாரைக் கண்டும் காணாமல் கடந்து போகிறவர் சொற்பம். மஞ்சனீஸ்வரர் என்று திருநாமம் பூண்டு, பூரணை புஷ்கலை சமேதராக எழுந்தருளியிருக்கும் அந்த மூர்த்தியின் சந்நிதிக்கு வெளியே, சுடுமண் குதிரைகளுக்கு உரிய மரியாதையில் பங்கு கேட்பவை போல, இன்று புதுக் கார்களும் சரக்கு ஆட்டோக்களும் நான்கு சக்கரமும் உந்துகிற ஜீப்புகளும் மாலை சூடி நிற்கின்றன. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, ஓட்டுகிறவர் வண்டியை ஒரு முழம் நகர்த்தியதும் பழங்கள் நசுங்குகிற சப்தம் கேட்கும். அத்துடன் சடங்கு நிறைவேறியது. குதிரையேறிக் காவல் புரிகிற தெய்வத்தின் முன்னால் மோட்டார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது நவீன மூடத்தனம் என்று பரிகசிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் ஐயனாரின் பழைய பெயரை யோசித்துப் பார்த்ததில்லை. சாத்தன் என்னும் அப்பெயரை, வண்டி கட்டிக்கொண்டு கூட்டமாக வழிச்செல்லும் வணிகரைக் குறிக்கும் சாத்து என்னும் சொல்லோடு பொருத்திக் காண்கிற ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூறுவது சரியானால், வழியிலே வண்டிக்கு நேரும் இடையூறுகளைத் தீர்ப்பது அவருக்குப் புதிதாக வந்த உத்தியோகமன்று.

இடையூறு என்று பொதுவாகச் சொன்னாலும், இந்தக் கரையில் அதற்கு ஒரே பொருள்தான்: சக்கரம் புதைவது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே, பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழகத்துப் பெரிய உவர்நீர்ப் பரப்பாகிய கழுவெளி. வடக்கே, தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்த ஸ்தானம் வகிப்பதாய், மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் மரக்காணத்து உப்பளங்கள். கடற்பக்கம் இறங்கினால் மணல். மேற்கே இறங்கினால் களி. மணல் வெளிப்படையான பகைவன். அதைக் கண்டதும் ஓட்டுகிறவன் எச்சரிக்கை கொள்கிறான். களியோ நண்பனைப்போல் நடிப்பது. மாசி பங்குனி வெயிலில் மேலே வெண்மையாக உப்புப் பூத்து, ஓடு கட்டி, கால் வைத்தால் நொறுங்கும் சப்தம்கூடக் கொடுத்து, தான் உறுதியான தரை என்று சத்தியம் செய்யும். ஓட்டுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் ஈரம் எந்நாளும் உண்டு. முதல் மழை விழுந்தபின் நிலைமை இன்னும் மோசம். உப்பு மிகுந்திருக்கும் வரையில் களித்துகள்கள் ஒன்றையொன்று பற்றித் திரண்டு கிடக்கின்றன. மழையின் நன்னீர் அந்த உப்பைக் கழுவிக் கொண்டு போனதும், களியிலே ஒட்டித் தங்கிவிட்ட சோடியம் துகள்களைத் தனித்தனியே பிரித்துவிட, நேற்றுவரை தரையாக இருந்தது இன்று கூழாகிவிடுகிறது. மழைக்கு அஞ்சி உப்புக் குவியலுக்குப் பனையோலை வேய்கிற அதே கைகள் வண்டியையும் மேட்டுக்கு ஏற்றிக் கட்டிவிடுவதன் காரணம் இதுதான்.

சங்க நூல்களைப் படிக்கிறவர்கள் அவற்றில் காதலையும் வீரத்தையும் தேடுவது வழக்கம். அவற்றிலே சேற்றைத் தேடுவோர் அரியர். தேடினால் அள்ள அள்ளக் கிடைக்கும். கழியிலே விளைந்த உப்பை முகந்துகொண்டு மலைநாடு நோக்கிச் சென்ற உமணர்களின் வண்டி வரிசை, ஒழுகை என்று பெயர் பெற்று, அந்நூல்களின் ஊடே இடைவிடாமல் ஊர்ந்து கொண்டிருக்கிறது. சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனைப் பாட வந்த உறையூர் மருத்துவன் தாமோதரனார், அந்த அரசனுக்கு உவமை தேடி எங்கும் அலையாமல், ஆரக்கால் பூட்டிய உப்பு வண்டி ஆழ்ந்துவிட்டபோது அதை மீட்டெடுக்கும் வலிய எருதைப் பிடித்துக்கொண்டார். புறநானூற்றின் 60ஆம் பாட்டு அது. அதே தொகையின் 84ஆம் பாட்டில் நக்கண்ணையார், தம் தலைவன் போர்க்களம் புகுந்தால் எதிரிகளுக்கு எப்படித் தோன்றுவான் என்பதற்கு, உமணர்கள் கண்டு வெருவுகிற துறையை எடுத்துக் காட்டினார். போர்வீரனுடைய பயங்கரத்தை விளக்க ஒரு சேற்றுத் துறை போதுமானதாக இருந்ததென்றால், அந்தத் துறைகளில் எத்தனை வண்டிகள் போயிருக்க வேண்டும்! குறுந்தொகையில் பரணரோ, பெருமழையில் அகப்பட்டுச் சரக்கெல்லாம் கரைந்துபோன உப்பு வண்டியைக் காட்டுகிறார். வேறு எந்தச் சரக்கு ஏற்றிய வண்டி புதைந்தாலும் காலதாமதம் ஒன்றே நஷ்டம். உப்பு வண்டி புதைந்து மழையும் பிடித்துக்கொண்டால் மறுநாள் மீட்க வண்டி மாத்திரமே மிஞ்சியிருக்கும்.

ஔவையார் இந்த விஷயத்தில் மற்றவர்களைக் காட்டிலும் ஒரு படி நுட்பமானவர். அதியமானைப் புகழும் 90ஆம் பாட்டில், பண்டமேற்றிய வண்டி அச்சு நிலத்தில் தட்டும்படி ஆழ்ந்துவிட்ட நிலையையும், மணல் பரவவும் கல் பிளக்கவும் நடந்து அதை இழுத்துப் போகும் எருதின் பெருமிதத்தையும் சொல்கிறார். அச்சுத் தட்டுவது என்கிற குறிப்பு கவனத்துக்குரியது. சக்கரம் புதைவது ஒன்று; அச்சு தரையில் அமர்ந்துவிடுவது மற்றொன்று. முன்னதில் சக்கரத்துக்கு இன்னும் பிடிப்பு உண்டு. பின்னதில் வண்டியின் பாரம் முழுவதும் அச்சின்மேல் உட்கார்ந்துவிடச் சக்கரம் வெறுமனே தொங்குகிறது. நம் காலத்து ஜீப் ஓட்டிகள், வண்டியின் வயிறு மண்ணில் படிந்துவிட்டதும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதை நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுக்க வேண்டும் என்று பாடம் படிக்கிறார்கள். அந்த எல்லைக்கோட்டை, வண்டியோட்டியல்லாத ஒரு புலவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அறிந்து எழுதியிருக்கிறார்.

அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் 102ஆம் பாட்டு இன்னும் விசேஷமானது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை, பாரமோ அதிகம், பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, போகிற இடத்தின் தன்மையை யார் கண்டது என்று எண்ணிய உமணர்கள், வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்தார்களாம். சேம அச்சு என்பது அதன் பெயர். ஸ்டெப்னி என்று நாம் இன்று சொல்லுகிற பொருளுக்கு இதைவிட அழகிய முன்னோர் வேறு மொழியில் இருந்தால் காட்டட்டும். ஆபத்து வந்தபின் தேடுவதற்கும், வரும் என்று கருதிக் கட்டிக்கொண்டு புறப்படுவதற்கும் உள்ள பேதமே மீட்புத் தொழிலின் பாதி என்பேன். மறுபாதியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. உமணப்பெண் குழந்தையும் கையுமாக எருதை ஓட்ட, ஆடவர் இருபக்கமும் துணையாக நடக்க, மாற்று எருதுகள் உடன்வர, வண்டி பின் வண்டியாகப் போகிறது அந்த வரிசை. ஒற்றை வண்டியாக யாரும் புறப்படுவதில்லை. முன்வண்டி ஆழ்ந்தால் பின்வண்டியின் எருதை அவிழ்த்து இதில் பூட்டலாம். வழியெல்லாம் விலை கொடுக்காமல் கிடைத்த மீட்பு வாகனம் அதுதான். கரடுமுரடான வழிகளில் தனி வண்டியாகப் போகாதே என்று இக்காலத்துச் சங்கங்கள் விதி எழுதும்போது, உமணர் விட்டுச் சென்ற விதியைத்தான் பிரதி எடுக்கிறார்கள்.

அந்தப் பெரும்பாணாற்றுப்படைக்குத் தலைவனான தொண்டைமான் இளந்திரையன் தானும் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறான். அரசாட்சியை வண்டியாகவும் அரசனை அதன் ஓட்டியாகவும் உருவகித்து, ஓட்டத் தெரியாதவன் கையில் அகப்பட்டால் அது நாள்தோறும் பகையாகிய சேற்றில் விழுந்து துன்புறும் என்று அவன் சொன்னதில், காஞ்சியைச் சூழ்ந்த தொண்டை நாட்டின் கழியும் களியும் நன்கு பழகிய ஒருவனுடைய குரல் எனக்குக் கேட்கிறது. மரக்காணமே சங்ககாலத் தலைவன் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் என்று அறிஞர் பலர் கருதுவர். அது உண்மையாயின், இந்த ஒழுகைகளில் சில இங்கேயிருந்தும் புறப்பட்டிருக்கும். குறளிலும் எருது விட்டுப் போகவில்லை. தடைப்பட்ட இடமெல்லாம் இழுத்துச் செல்லும் பகடு போன்றவனுக்கு வந்த துன்பமே துன்பப்படும் என்கிற கருத்துக்கு உரை செய்த பரிமேலழகர், அந்தப் பகட்டுக்குப் பின்னால் ஒரு சகடத்தையும் மறவாமல் பூட்டிவிட்டார்.

பிற்காலத்து நூற்றாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில், இதே கரையில் சற்று வடக்கேயுள்ள ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த யுத்தங்களில், உப்பைவிடப் பாரமான சரக்காகப் பீரங்கி வந்து சேர்ந்தது. பீரங்கியின் சக்கரம் ஆழ்ந்தால் அதற்கு இருபது முப்பது எருதுகளும் போதாமல், யானையைப் பின்னால் நிறுத்தி நெற்றியால் தள்ளச் செய்தார்கள். ஹைதரும் திப்புவும் வளர்த்த அமிர்தமஹால் மாடுகள் பீரங்கியை விரைந்து இழுத்துச் சென்றதைக் கண்டு பொறாமைப்பட்ட ஆங்கிலேயர், 1799க்குப் பின் அந்த மந்தைகளையே கைப்பற்றிக் கொண்டனர். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு முழுவதும் கும்பெனியாரின் ஏகபோகமாயிற்று. அதன் கொடுமைகளை வேறிடத்தில் பேச வேண்டும். இங்கே வேண்டுவது, உமணனுடைய சுதந்திரமான ஒழுகை அத்துடன் ஒடுங்கிற்று என்பது மாத்திரம்.

களியோடு போராடுவதைக் கைவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மார்க்கம் அதன்பின் ஏற்பட்டது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே பாசில் காக்ரேன் என்பவர் தொடங்கிய கால்வாய், தாது வருஷத்துப் பஞ்சத்தில் பசித்த மக்களின் மண்வெட்டியால் சென்னை நகரின் ஊடாக இணைக்கப்பட்டு, அப்போதைய ஆளுநரான பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்று, தெற்கே மரக்காணத்தில் வந்து முடிந்தது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கரையோரமாக நடந்து கயிற்றால் இழுத்துச் சென்றார்கள். சக்கரம் இல்லாததால் புதையும் கவலையில்லை. படகு தரைதட்டினால் ஓதம் ஏறும் வரையில் காத்திருந்து, நீரே தூக்கிவிட்டதும் புறப்பட்டார்கள். அவசரம் இல்லாத காலத்தின் சௌகரியம் அது. பின்னர் கால்வாய் தூர்ந்தது. 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. லாரி சாலையில் நிற்க, அளத்திலிருந்து உப்பு தலைச்சுமையாக வரப்பு வழியே வந்து சேர்கிறது. லாரி உள்ளே இறங்காததற்குச் சோம்பல் காரணமன்று. உப்பளத்து வரப்பு, கூடை சுமந்த ஒரு பெண்ணைத் தாங்கும். பத்து டன்னைத் தாங்காது.

இனி வடத்தின் கதை. குறைந்த பலத்தால் பெரும்பாரத்தை இழுக்கலாம் என்பதை உலகுக்கு வேடிக்கையாகக் காட்டியவர் ஆர்க்கிமிடீஸ். சிராக்கியூஸ் அரசன் ஹீரோன் பார்த்திருக்க, கரையேற்றியிருந்த மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றை, ஆளும் சரக்கும் நிரம்பிய நிலையில், தாம் தூரத்தில் அமர்ந்து கப்பிகளின் ஊடே சென்ற கயிற்றை நிதானமாக இழுத்து அவர் நகர்த்தினார் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். நம் ஊரிலும் கமலைக் கிணற்றில் எருது இறங்கி நடக்க உருளை மேல் வடம் ஓடியது. தேரோட்டத்தில் சக்கரத்துக்கு உலுக்குமரம் கொடுத்து நெம்பவும், முட்டுக்கட்டை வைத்துத் திருப்பவும் தெரிந்த கைகள் இருந்தன. வடமெல்லாம் நார் வடமே. தேங்காய் நாரோ சணலோ, திரித்த கயிறு தன் துன்பத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும்: முதலில் முறுக்கு நெரியும், பிறகு முனகும், பிறகு ஒவ்வொரு நாராக மேலே சிலிர்த்து நிற்கும். எருதும் அப்படித்தான். முடியாத பாரம் என்றால் முன்னங்காலை மடக்கி மண்டியிடும், நுரை தள்ளும், சில வேளை படுத்தே விடும். இழுப்பவனுக்கும் இழுபடுவதற்கும் இடையிலே நின்ற ஒவ்வொன்றும் எல்லை வந்துவிட்டதென்று முன்கூட்டியே அறிவித்தது. அதனால் மீட்பில் மாடு செத்திருக்கலாம், அச்சு முறிந்திருக்கலாம், சுற்றி நின்றவன் தலை போவது அபூர்வம்.

1834இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்னும் அதிகாரி கம்பிகளைத் திரித்து வடம் செய்தபோது இந்த உறவு மாறிப்போயிற்று. விரற்கடைப் பருமனுள்ள எஃகுக் கம்பி வடம் டன் கணக்கான பாரத்தை முகஞ்சுளிக்காமல் தாங்கும். தாங்குகிற வரையில் ஒன்றும் சொல்லாது. அறுகிற கணத்தில் சொல்லும். இறுகி நிற்கும்போது அதனுள் சேர்ந்திருந்த சக்தி முழுவதும் அறுந்த முனையின் வழியே விடுபட்டு, கண் இமைக்கும் முன் சாட்டையைப் போல் திரும்பிப் பாயும். கப்பல் துறைகளில் இதனால் கால் இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் உண்டு. நம் கரையில் அதற்கு வேறொரு துணைவனும் சேர்ந்துகொள்கிறான். உப்புக் காற்று, மேலே எண்ணெய் பூசிப் பளபளப்பாக வைத்த வடத்தின் உட்புரியிலே புகுந்து, வெளியே தெரியாமல் துருவேற்றிவிடும். ஆறு மாதம் சும்மா கிடந்த வடத்தை நம்பி இழுப்பவன், தான் எத்தனை கம்பியை நம்புகிறான் என்று அறியாதவன்.

ஜீப்பும், அதில் பூட்டி வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சும் யுத்தத்தின் குழந்தைகள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் உலகெங்கும் ஏலத்துக்கு வந்தன. 1948இல் ஆர்தர் வார்ன் என்கிற அமெரிக்கர், அத்தகைய ஜீப்புகளைச் சாதாரணச் சாலைக்கு ஏற்றவையாக்க முன்சக்கரத்தில் பூட்டித் திறக்கும் கருவி ஒன்றைச் செய்து விற்றார். 1959இல் அவருடைய நிறுவனம், வண்டியின் பேட்டரியாலேயே சுழலும் வின்ச் ஒன்றை வெளியிட்டது. என்ஜின் நின்றுபோனாலும் பேட்டரியில் உயிர் உள்ளவரை வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளலாம் என்பது அதன் அதிசயம். இங்கே உப்பளத்துப் பக்கம் அந்த அதிசயம் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. இடைக்காலத்தில் டிராக்டரும் இரும்புச் சங்கிலியும் ஆட்சி செலுத்தின. பின்னர் ஜேசிபி வந்து, தன் நீண்ட கையால் எதையும் தூக்கிவிட்டு, யோசிக்க வேண்டிய அவசியத்தையே ஒழித்துவிட்டது.

யோசித்தவர் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். 1920களின் பிற்பகுதியில் எகிப்திலிருந்த ரால்ஃப் பாக்னோல்ட் என்னும் ஆங்கில ராணுவப் பொறியாளர், யாரும் மோட்டாரில் கடக்க முடியாதென்று கருதிய லிபியப் பாலைவனத்தின் மணல் மேடுகளைப் பழைய ஃபோர்டு கார்களில் கடந்தார். டயரில் காற்றைக் குறைத்தால் அது பரந்து படிந்து மணலின்மேல் மிதக்கும் என்பதும், புதைந்த சக்கரத்தின் முன் இரும்புத் தகடு வைத்தால் அது தானாகவே ஏறிவரும் என்பதும் அவரும் தோழர்களும் அநுபவத்தால் கண்டவை. வண்டி எப்படிப் புதைகிறது என்று தொடங்கிய சிந்தனை, மணல் எப்படி நகர்கிறது என்ற ஆராய்ச்சியாக வளர்ந்து, 1941இல் காற்றால் அலையும் மணலின் பௌதிகம் பற்றிய பெயர்பெற்ற நூலாயிற்று. புதைந்த சக்கரத்தைப் பார்த்துச் சபிப்பவர் கோடி. அதைப் பார்த்து நூல் எழுதியவர் அவர் ஒருவரே என்று எண்ணுகிறேன்.

களியின் கணக்கு மணலைவிடக் கடுமை. ராணுவத்தார் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் அளவு ஒன்று உண்டு. சக்கரத்தின் மட்டம் வரையில் புதைந்த வண்டியை இழுக்க அதன் எடைக்குச் சமமான பலம் வேண்டும்; சக்கரத்தின் மேல்தட்டு வரை புதைந்தால் எடையைப்போல் இருமடங்கு; அதற்கும் மேலே, ஓட்டுநர் அமரும் கூடு வரையில் போய்விட்டால் மும்மடங்கு. 1,800 கிலோ எடையுள்ள ஜீப் ஒன்று மேல்தட்டு வரை புதைந்தால் 3,600 கிலோ இழுப்பு வேண்டியிருக்கிறது. 8,000 பவுண்டு என்று முத்திரையிட்ட வின்ச்சின் முழுச் சக்தியும் அவ்வளவே. அதுவும் உருளையில் கடைசிச் சுற்று மாத்திரம் எஞ்சியிருக்கும்போதுதான் கிடைக்கும், சுற்றுமேல் சுற்று ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். ஆகையால் முதலில் எடுக்க வேண்டியது மண்வெட்டி. ஒரு மணி நேரம் வெட்டிச் சேற்றை வாரினால் இரு மடங்கு ஒரு மடங்காக இறங்கிவிடும். பிறகு கப்பி: வடத்தை ஒரு கப்பியில் மடக்கி வண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்து மாட்டினால் வேகம் பாதியாகும், பலம் இரட்டிக்கும். வந்த வழியே பின்னுக்கு இழுப்பது முன்னுக்கு இழுப்பதைவிட எளிது என்பதையும், வண்டியின் சக்கரங்களையும் மெல்லச் சுழலவிட்டால் வடத்தின் பாரம் வெகுவாகக் குறையும் என்பதையும் அதே ராணுவக் கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கில் எங்கும் ஆவேசத்துக்கு இடமில்லை.

ஆனால் கணக்கெல்லாம் முடிந்தபின், வடத்தின் மறுமுனையை எதில் கட்டுவது என்ற கேள்வி இந்த வெளியிலே பூதாகாரமாக எழுந்து நிற்கிறது. காட்டில் புதைந்தவனுக்கு மரம் உண்டு. அகலமான பட்டையை அதன் அடியில் சுற்றி, பட்டை உரியாமல் கட்டலாம். உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரப்பும் வானமும். எட்டத்திலே நாலு பனை. அப்பால் வேலிகாத்தான் புதர். அதற்கும் அப்பால் சவுக்குத் தோப்பு. இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த ஒரு மாலைப்பொழுதைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில், ஐயனாரைப் பரிகசித்த அதே நண்பர், வின்ச் பூட்டிய தம் புது ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு, கழுவெளியில் பூநாரை பார்க்கலாம் என்று சாலையை விட்டு மேற்கே இறங்கினார். முந்தின வாரம் முதல் மழை பெய்திருந்தது. அரை மைல் போவதற்குள் வலப்பக்கச் சக்கரங்கள் ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கின. நண்பர் அந்தச் சமயத்தில் எல்லாரும் செய்கிறதையே செய்தார், மிதித்தார். சேறு கண்ணாடி வரை பறந்தது. வண்டி வயிறு படிய அமர்ந்தது. அளத்துக் காவலிருந்த பெரியவர் ஒருவர், மாட்டுவண்டியில் உப்பு ஓட்டிய காலத்தவர், தோளில் சாக்குடன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அச்சு தட்டிடுச்சு. இனிமே மெறிச்சா இன்னும் கீழதான் போவும்" என்றார். ஔவையாரை அவர் படித்திருக்க மாட்டார்.

கூடவே வந்த அவருடைய பேரன் டிராக்டர் ஓட்டுகிறவன். ஆளுக்கொரு மண்வெட்டியாக ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் சாய்வாக வெட்டிச் சேற்றை வாரினோம். பனமட்டையும் சாக்கும் திணித்தோம். டயரில் காற்றைப் பாதிக்கு இறக்கினோம். பின்னுக்கு இழுப்பதே நல்லதென்றாலும் நண்பரின் வின்ச் முன்னால் இருந்தபடியால் முன்னுக்கே இழுக்க வேண்டியதாயிற்று. மரம் இல்லாத குறைக்குப் பெரியவர் ஸ்டெப்னியைக் கேட்டார். வண்டிக்கு நேர் எதிரே, உறுதியான வரப்பின் அப்புறத்தில், இடுப்பளவு குழி வெட்டி, சக்கரத்தை அதில் செங்குத்தாக இறக்கி, அதன் நடுத்துளையில் சங்கிலி கோத்து, பின்புறம் கடப்பாரையைக் குறுக்கே கொடுத்துப் பூட்டி, சங்கிலி வெளியேறச் சிறு வாய்க்கால் போல் ஒரு தடம் கீறி, மண்ணை மூடி மிதித்தார்கள். கட்டுமரத்தையும் வலையையும் கரையில் இழுத்து நிறுத்துகிறவர்களுக்கு இப்படிக் கட்டை புதைப்பது தெரிந்த வித்தை என்று பின்னர் சொன்னார். உமணனுடைய சேம அச்சு முறிந்த அச்சுக்கு மாற்று மாத்திரமே. நண்பருடைய சேமச் சக்கரம் அன்று நங்கூரமாயிற்று.

சங்கிலியில் கப்பியை மாட்டி வடத்தை மடக்கிக் கொண்டுவந்தபின், நண்பர் வண்டிக்குப் பின்னால் பந்து போலிருந்த டிரெய்லர் கொக்கியைக் காட்டி, இது பலிக்காவிட்டால் அதில் ஒரு கயிறு போட்டு, டிராக்டரை வரவழைத்துப் பின்னுக்கு இழுக்கலாமே என்றார். பேரன் தலையை அசைத்து மறுத்தான். அந்தப் பந்து உருண்டுவரும் டிரெய்லரை இழுப்பதற்கு மாத்திரம் செய்த பொருள். புதைந்த வண்டியின் பாரத்தில் கழுத்து முறிந்தால் குண்டாகப் பறக்கும் என்று அவன் கண்டிருந்தான். பெரியவர் தோளிலிருந்த சாக்கில் ஈரக் களியை அள்ளிப் போட்டு, வடத்தின் நடுவில் மடித்துத் தொங்கவிட்டார். அறுந்தால் முனை எழும்பாமல் அந்தப் பாரம் கீழே அமுக்கும். ஜீப்பின் பானெட்டைத் திறந்து கண்ணாடிக்கு மறைப்பாக நிறுத்தினார்கள். வின்ச் முனகத் தொடங்கி வடம் தரையை விட்டு எழுந்ததும், வேடிக்கை பார்க்க வந்திருந்த சிறுவன் ஒருவன் அதைத் தாண்டிக் குதிக்கப் போனான்.

"எப்பா, கயித்தத் தாண்டாத! அப்பால போ!"

அந்தக் குரலில் இருந்த திகில் எனக்குப் புதிது. அதுவரை நிதானமே உருவாக இருந்தவர் அவர். சிறுவனை அவன் ஓடும் வரையில் ஓடச் சொல்லி, எங்களையும் வடத்தின் நீளத்துக்கும் அதிகமாக விலகி, அதன் நேர்க்கோட்டுக்குப் பக்கவாட்டில் நிற்க வைத்தபின்புதான் பேரனுக்குக் கை காட்டினார். "மாடு இழுத்தப்ப மாட்டு மூஞ்சியப் பாத்தாப் போதும்ங்க. இதுக்கு மூஞ்சி ஏது?" என்றார் என்னிடம். ஒரு லாரியை இழுக்கையில் கம்பி அறுந்து ஒருவனுக்குக் கால் போனதைத் தாம் பார்த்ததாக, அதற்கு மேல் விவரிக்காமல், சொன்னார்.

ஜீப் அங்குலம் அங்குலமாக ஏறி வந்தது. களி விட்டுக்கொடுக்கும்போது எழுப்பும் அந்த உறிஞ்சும் ஓசையை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். எருது இழுத்திருந்தால் நாலு பேர் ஆரவாரம் செய்திருப்பார்கள். இங்கே வடம் தளர்ந்து தரையில் படியும் வரையில் யாரும் வாய் திறக்கவில்லை. ஸ்டெப்னியைத் தோண்டி எடுப்பது புதைத்ததைவிடக் கடினமாக இருந்தது என்பதையும் குறித்து வைக்கிறேன்.

இப்போதெல்லாம் எஃகுக்குப் பதிலாகச் செயற்கை இழை வடங்கள் வருகின்றன. எடையில் எஃகின் ஏழில் ஒரு பங்களவே. அறுந்தாலும் எஃகைப்போல் வெறிகொண்டு பாயாது. கதிரவனுக்கும் மணல் உராய்வுக்கும் சூட்டுக்கும் அஞ்சும் என்பது அதன் குறை. நண்பருடையது எஃகே. பேரன் அதைச் சுற்றப் போனபோது பெரியவர் தடுத்து, உப்புச் சேறோடு சுற்றினால் உள்ளே அரித்துவிடும், நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துச் சுற்ற வேண்டும் என்றார். அளத்தில் நல்ல தண்ணீர் ஏது? கீழ்புத்துப்பட்டுக்கே திரும்பினோம். கோயிலருகே குழாய் இருந்தது. இருபத்தைந்து மீட்டர் வடத்தையும் குதிரைகளுக்கு முன்னால் தரையில் நீட்டிப் போட்டுவிட்டு, கையில் தோலுறையும் முழங்காலில் சேறுமாக நண்பர் குனிந்து, முழம் முழமாகத் துடைத்துக்கொண்டே சந்நிதிப் பக்கமாக நகர்ந்து போனார்.